பத்து வாசல், ஒரு மதியம்: இங்கிலாந்துக் கிராமத்தில் நற்பணி நிதிக்காகத் தோட்டம் திறப்பது எப்படி

ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் போனால், வேலியோரம் அம்புக்குறி போட்ட மஞ்சள் தட்டிகள் கண்ணில் படும். அந்த ஊரில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்தை அன்று மதியம் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நுழைவுக் காசு, தேநீர்க் காசு, செடி விற்ற காசு எல்லாம் ஒரு நற்பணிக்குப் போகும்.

இதற்கு நூறு வருடப் பழக்கம் இருக்கிறது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் மாவட்டச் செவிலியர்களுக்கு நிதி திரட்ட, குயின்ஸ் நர்சிங் இன்ஸ்டிட்யூட்டின் குழுவில் இருந்த எல்சி வாக் என்ற அம்மையார் சொன்ன யோசனை இது. 1927-ல் 609 தோட்டங்கள் திறந்தன. ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்த முதல் வருடமே 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய நேஷனல் கார்டன் ஸ்கீம். இப்போது அது மக்மில்லன், மேரி க்யூரி போன்ற புற்றுநோய், இறுதிக்காலப் பராமரிப்பு அமைப்புகளுக்கும் நிதி தருகிறது.

உங்கள் ஊரில் முதன்முறையாக இதை நடத்தப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். ரோஜா சரியாகப் பூக்கவில்லை என்று யாரும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போவதில்லை. கார் நிறுத்த இடமில்லை, கழிப்பறை எங்கே என்று தெரியவில்லை, மூன்று மணிக்கே கேக் தீர்ந்துவிட்டது என்றால் மட்டும் மறுவருடம் வரமாட்டார்கள். தோட்டத்துக்காக உழைக்கிற அளவு மற்றதற்கும் உழைக்க வேண்டும். இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் அந்த மற்றதைப் பற்றித்தான்.

யார் பெயரில் நடத்துவது

இரண்டு வழி உண்டு. ஒன்று, நேஷனல் கார்டன் ஸ்கீமில் சேர்ந்து நடத்துவது. அவர்களுடைய மாவட்டப் பொறுப்பாளர் வந்து தோட்டத்தைப் பார்ப்பார். பார்வையாளருக்கு முக்கால் மணி நேரமாவது பார்க்க விஷயம் இருக்க வேண்டும் என்பது அவர்களின் பழைய அளவுகோல். ஒரு சிறு கொல்லையால் தனியாக அதை எட்ட முடியாது. ஆனால் பல வீடுகள் சேர்ந்து ஒரே குழுவாகத் திறக்கலாம், கிராமங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடும், மஞ்சள் சுவரொட்டிகளும், அச்சுப் புத்தகத்திலும் இணையத்திலும் விளம்பரமும் கிடைக்கும். நுழைவுப் பணம் அவர்களுக்குப் போகும். தேநீர்ப் பணத்தை உள்ளூர்ப் பணிக்கு வைத்துக்கொள்ள விரும்பினால் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். அடுத்த ஜூனுக்கு இந்த வருடம் இலையுதிர் காலத்திலேயே பேச்சைத் தொடங்கினால்தான் புத்தகத்தில் இடம் கிடைக்கும்.

இரண்டாவது வழி, ஊர் மன்றமோ தேவாலயமோ சொந்தமாக நடத்துவது. பணம் முழுவதும் நீங்கள் சொல்லும் காரியத்துக்குப் போகும். காப்பீட்டுக்கு நீங்களே பொறுப்பு. தேவாலயத்துக்கும் ஊர் மன்றத்துக்கும் ஏற்கெனவே பாலிசி இருக்கும், ஆனால் அது பக்கத்து வீட்டுக் குளத்தில் ஒருவர் விழுவதற்குச் செல்லுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன 'பரவாயில்லை' விபத்து நடந்த மறுநாள் உதவாது.

எந்த வழியானாலும், யாருக்கு எத்தனை பங்கு, செலவு எதிலிருந்து கழியும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் ஊர் இரண்டுபடும்.

தேதி, தோட்டங்களின் எண்ணிக்கை

தென் இங்கிலாந்தில் ரோஜாவின் முதல் சுற்றுப் பூ ஜூன் நடுவில் வரும். அதனால் ஜூன் இரண்டாவது, மூன்றாவது வார இறுதி நல்லது. வடக்கே போகப் போக இரண்டு வாரம் வரை தள்ளிப்போகும். பக்கத்து ஊர்கள் எந்த நாளில் வைத்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். ஆகஸ்டில் வைப்பதானால், ஃப்ளாக்ஸ், ஹெலீனியம், சீடம் செடிகளை மே கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். இதைச் 'செல்சி வெட்டு' என்பார்கள், செல்சி மலர்க் கண்காட்சி வாரத்தில் செய்வதால் வந்த பெயர். பூ சில வாரங்கள் தள்ளி வரும், செடியும் குட்டையாக, சாயாமல் நிற்கும். ஜூன் திறப்பு வைத்தவர்கள் இதைச் செய்துவிட்டு, அன்று மொட்டுகூட இல்லாமல் நிற்பதுண்டு. உங்கள் தேதிக்கு எது பொருந்தும் என்று கணக்குப் போட்டு வெட்டுங்கள்.

பத்து முதல் பன்னிரண்டு தோட்டம் போதும். ஒன்றரை மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், நடை, தேநீர் எல்லாம் சேர்த்தால் அந்த மூன்றரை மணி நேரம் நிறைந்துவிடும். இருபத்தைந்து தோட்டம் என்று விளம்பரம் செய்தால் கூட்டம் வரும்தான். ஆனால் கடைசி ஏழெட்டு வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மறுவருடம் அவர்கள் சேர மாட்டார்கள்.

ஊர்க்கோடியில் ஒரு தோட்டம் தனியாக இருந்தால், செடி விற்பனையை அங்கே வையுங்கள். கூட்டம் தானாக அங்கே போகும். தேநீர் ஊர் நடுவில், செடி ஒரு கோடியில், கார் நிறுத்தம் மறுகோடியில் என்று அமைத்தால் வருகிறவர்கள் எல்லா வாசலையும் கடந்தே ஆக வேண்டும். ஆனால் வாங்கிய செடியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். எண் ஒட்டி வாங்கி வைத்து, தள்ளுவண்டியில் கார் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு இளவட்டங்களை நியமியுங்கள். இந்த ஒரு ஏற்பாடு இருந்தாலே ஒரு செடி வாங்க வந்தவர் நான்கு வாங்கிக்கொண்டு போவார்.

தோட்டம் திறப்பவர்கள் அன்று தங்கள் வீட்டை விட்டு நகர முடியாது, மற்றவர் தோட்டத்தைப் பார்க்கவும் முடியாது. முந்தின நாள் மாலை அவர்களுக்கு மட்டும் ஒரு சுற்று வையுங்கள். அந்தச் சுற்றில் வழுக்கும் படி, தாழ்ந்த கிளை எல்லாம் பத்துப் பேர் கண்ணில் பட்டுவிடும் என்பது கூடுதல் லாபம்.

டிக்கெட்டும் வரைபடமும்

எல்லாத் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், வரைபடமே டிக்கெட். தோட்டங்களுக்கு நடக்கும் வரிசையில் எண் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் என்ன விசேஷம் என்று எழுதுங்கள். படி இருக்கிறதா, சக்கர நாற்காலி போகுமா, நாய் வரலாமா, கழிப்பறை, தேநீர், கார் இவற்றுக்கு அடையாளக் குறி போடுங்கள். வயதானவர்கள் படிக்க வேண்டும், எழுத்தைப் பெரிதாக வையுங்கள்.

விலையை 5 அல்லது 10 பவுண்டாக வைப்பது நல்லது. 7 பவுண்டு என்று வைத்தால் பத்துப் பவுண்டு நீட்டுகிற ஒவ்வொருவருக்கும் மூன்று பவுண்டு சில்லறை தேட வேண்டும், அரை மணியில் சில்லறை தீர்ந்துவிடும். சில்லறைக்கென்று ஒவ்வொரு மேசைக்கும் 50 முதல் 100 பவுண்டு வரை முன்கூட்டி வங்கியில் மாற்றி, தொகையைக் குறித்துக் கொடுங்கள். கார்டு ரீடர் கட்டாயம் வேண்டும். பல கிராமங்களில் கைபேசி சிக்னல் கிடைப்பதில்லை, அதனால் ஒரு வாரம் முன்பே அதே இடத்தில், அதே மேசையில் வைத்துச் சோதியுங்கள். குழந்தைகளுக்கு இலவசம் என்று வைத்தால் குடும்பமாக வருவார்கள், கேக் விற்கும்.

தோட்டத்துக்குள்

நடைபாதைக் கல்லில் பாசி இருந்தால் இரண்டு வாரம் முன்பே தேய்த்துக் கழுவிவிடுங்கள். மழை பெய்தால் வழுக்கி விழுகிற முதல் இடம் அதுதான். படியின் விளிம்பில் வெள்ளைச் சாயம் அல்லது நாடா ஒட்டுங்கள். செடிக்கு ஊன்றிய மூங்கில் குச்சி ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு மூடி செருகுங்கள், சின்ன மண்தொட்டியைக் கவிழ்த்தாலும் போதும். பூவை முகர்ந்து பார்க்கக் குனிகிறவரின் கண்ணுக்கு நேரே அந்தக் குச்சி நிற்கிறது. குளம் இருந்தால் கயிறு கட்டுவது மட்டும் போதாது, அதன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும்.

நச்சுச் செடிகளைப் பிடுங்க வேண்டாம், பெயர்ப்பலகை வையுங்கள். ஃபாக்ஸ்குளோவ், லபர்னம் இரண்டும் ஆங்கிலத் தோட்டங்களில் சாதாரணம், இரண்டும் விஷம். நீலப் பூப் பூக்கும் மாங்க்ஸ்ஹுட் இன்னும் மோசம். சித்த மருத்துவத்தில் நாபி என்று சொல்லும் விஷச் செடியின் இனம் அது. பாதையோரம் இருந்தால் குழந்தை கைக்கு எட்டாதபடி முன்னால் வேறு தொட்டி நிறுத்துங்கள்.

பூக்காத இடங்களுக்கு வைத்தியம் எளிது. ஏப்ரலிலிருந்தே பத்துப் பதினைந்து தொட்டியில் பெலர்கோனியம், லில்லி வளர்த்து ஒளித்து வையுங்கள். முந்தின நாள் வெற்றிடத்தில் குழி தோண்டித் தொட்டியோடு இறக்கி, விளிம்பை மண்ணால் மூடினால் அங்கேயே வளர்ந்தது போல நிற்கும். புல்வெளியை இரண்டு நாள் முன்பு வெட்டி, ஓரத்தை முந்தின மாலை கத்தரித்தால் போதும். ஓரம் நேராக இருந்தால் உள்ளே இருக்கும் களை கண்ணில் படாது.

வீட்டுப் பின்கதவைப் பூட்டுங்கள். நாயை உறவினர் வீட்டில் விடுங்கள். வாசலில் டிக்கெட் பார்க்க ஒருவர், தோட்டத்தில் பேச வீட்டுக்காரர் என்று இரண்டு பேர் இல்லாமல் எந்தத் தோட்டத்தையும் திறக்காதீர்கள். வருகிறவர்கள் மண்ணைப் பற்றி, வெட்டுகிற மாதத்தைப் பற்றி, நத்தையைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறார்கள். அந்தப் பேச்சு கிடைத்தவர் தோழியையும் கூட்டிக்கொண்டு மறுவருடம் வருவார்.

செடி மேசை

உழைப்பை மட்டும் முதலாகப் போட்டு நல்ல லாபம் பார்க்கிற மேசை இது. அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே வேலை தொடங்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் பெலர்கோனியம், சால்வியா தண்டுகளைப் பத்து செ.மீ. அளவில், கணுவுக்குக் கீழே வெட்டி நடுங்கள். மார்ச்சில் ஜெரேனியம், ஹெலீனியம் போன்ற பல்லாண்டுச் செடிகளின் கொத்தைப் பிரித்து ஒரு லிட்டர் தொட்டியில் வையுங்கள். தக்காளி விதையை ஏப்ரல் தொடக்கத்தில் போட்டு, ஒன்பது செ.மீ. தொட்டிக்கு மாற்றினால் ஜூன் விற்பனைக்குச் சரியான உயரத்தில் நிற்கும். பிப்ரவரியில் போட்டால் விற்கும் நாளில் ஒடிந்து விழும் நீளத்தில் இருக்கும். கண்ணாடி வீட்டில் வளர்ந்ததைப் பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே வைத்துப் பழக்கிய பிறகே விற்க வேண்டும்.

இனி, பலரும் செய்கிற ஒரு தவறு. தோட்டத்துக் கொத்தைப் பெயர்த்து, அப்படியே மண்ணோடு தொட்டியில் அடைத்துவிடுவது. அந்த மண்ணுக்குள் பைண்ட்வீட் என்ற களைக்கொடியின் வேர் வெள்ளைக் கயிறு போல ஓடிக்கொண்டிருக்கும். தடித்து, வளைந்து, கையால் ஒடித்தால் 'டப்' என்று ஒடியும். ஒடிந்த இரண்டு அங்குலத் துண்டு போதும், வாங்கிப் போனவர் தோட்டத்தில் அது வருடக்கணக்கில் ஏறும். கிரவுண்ட் எல்டர் என்ற களையும் அப்படித்தான். அதனால் பெயர்த்த கொத்தை வாளித் தண்ணீரில் முக்கி, மண் முழுவதும் கரையும் வரை அலசுங்கள். வேரை விரலால் பிரித்துப் பார்த்து, செடியின் சொந்த வேரிலிருந்து நிறத்தில், தடிப்பில் மாறுபட்ட எதையும் உருவி எடுங்கள். பிறகு கடையில் வாங்கிய, பீட் (சதுப்பு நிலத்து மக்கு) கலக்காத புதுக் கலவையில் நடுங்கள். தன் தோட்டத்து மண் ஒரு பிடிகூட விற்கும் தொட்டிக்குள் போகக் கூடாது. உங்கள் ஊர்ச் செடி சுத்தமானது என்று பெயர் வாங்கிவிட்டால் திறக்கும் முன்பே வரிசை நிற்கும்.

ஒவ்வொரு தொட்டியிலும் பெயர், உயரம், வெயிலா நிழலா, எப்போது பூக்கும் என்று பென்சிலால் எழுதிய பட்டை செருகுங்கள். பேனா மை வெயிலில் போய்விடும். பூவின் நிறம் தெரியாத செடிக்குப் பக்கத்தில் ஒரு படம் வைத்தால் போகும். ஹிமாலயன் பால்சம் போன்ற ஆக்கிரமிப்புச் செடிகளை விற்பது சட்டப்படி குற்றம். குளத்துச் செடிகளில் பேரட்ஸ் ஃபெதர், ஃப்ளோட்டிங் பென்னிவொர்ட்டுக்கும் தடை உண்டு. பெயர் தெரியாத நீர்ச்செடி வந்தால் மேசையில் வைக்காமல் ஒதுக்கிவிடுவதே நல்லது.

தேநீர்

வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் உட்கார்ந்து டீ குடிப்பார்கள் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 200 பேர் வந்தால் 140 துண்டு கேக். எட்டு அங்குல வட்டக் கேக் ஒன்றில் பத்துத் துண்டு வரும், ஆக 14 கேக். வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்பவர்களையும் சேர்த்து 18 வையுங்கள். கோப்பைக்கு 30 மி.லி. பால் என்றால் 200 கோப்பைக்கு 6 லிட்டர், 8 வாங்குங்கள். யாருக்கு எந்தக் கேக் என்று பட்டியல் போட்டுக் கொடுக்காவிட்டால் 18-ல் 12 எலுமிச்சைக் கேக்காக வந்து நிற்கும்.

வெந்நீர்தான் பெரும்பாலும் கழுத்தை அறுக்கும். 20 லிட்டர் மின் அண்டா ஒன்று 3 கிலோவாட் இழுக்கும். குளிர்ந்த நீர் கொதிநிலைக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும், அதில் கிடைப்பது 90, 100 கோப்பை. மூன்று மணிக் கூட்டத்தில் அண்டா காலியாகி, அப்போது குளிர்ந்த நீர் ஊற்றினால் வரிசை முக்கால் மணி நேரம் நின்றுவிடும். இரண்டு அண்டா வையுங்கள், ஒன்று பாதியாகும்போதே மற்றதை நிரப்பிக் காய விடுங்கள். இரண்டையும் ஒரே நீட்டிப்பு வயரில் சொருகாதீர்கள். ஒரு பிளக்கின் ஃபியூஸ் 13 ஆம்பியர், ஓர் அண்டா மட்டுமே ஏறக்குறைய அவ்வளவு இழுக்கும். வெவ்வேறு சுவர் சாக்கெட், முடிந்தால் வெவ்வேறு சர்க்யூட். உருளையில் சுற்றிய வயரை முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே ஓடவிட்டால் சூடேறி உருகும்.

ஒவ்வாமை விஷயத்தில் தமிழர் வீட்டுப் பலகாரம் கொண்டுவருபவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். பிரிட்டனின் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள 14 பொருள்களில் கடுகும் எள்ளும் இருக்கின்றன. தாளித்த எதிலும் கடுகு. நல்லெண்ணெய் என்றால் எள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'வடையில் கோதுமை இல்லை' என்று நம்பிக்கையோடு சொல்லி கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு சீலியாக் நோயாளிக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு அட்டை, செய்தவர் கையாலேயே எழுதியது. க்ரீம் வைத்த கேக்கை 8 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். வெளியே வைத்தது நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் கொட்டிவிடுங்கள்.

பிம்ஸ் என்ற கோடைக்கால மதுபானம், ஒயின் விற்பதானால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு கொடுக்க வேண்டும். 21 பவுண்டு, குறைந்தது பத்து வேலை நாள் முன்பு, வேலை செய்பவர்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடாது. பரிசுக் குலுக்கல் சீட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே விற்றால் உரிமம் தேவையில்லை. ஆனால் சீட்டு விற்ற பணத்திலிருந்து பரிசுக்கு 500, இதர செலவுக்கு 100 பவுண்டுக்கு மேல் கழிக்கக் கூடாது.

கார், கழிப்பறை, மழை

கார் நிறுத்த ஒரு விவசாயியின் புல்வயலைக் கேட்டுப் பெறுங்கள். ஒழுங்காக வரிசை பிடித்தால் ஒரு ஏக்கரில் நூறு கார் நிற்கும். புல்லை வெட்டி, வெட்டியதை அகற்றியிருக்க வேண்டும். நீண்டு காய்ந்த புல்மேல் சூடான சைலன்சரோடு கார் நின்றால் தீப்பிடிக்கும். உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர வேறு வாசல். ஊர்த் தெருவில் தீயணைப்பு வண்டி போக 3.7 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்கட்டும், அதற்குக் கூம்பு வைத்து ஒருவரை நிறுத்துங்கள்.

வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிடாதீர்கள். கிராமத்து வீடுகள் பலவற்றில் சாக்கடை இணைப்பு இல்லை, செப்டிக் டேங்க்தான். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய தொட்டி ஒரே மதியத்தில் இருநூறு தடவை நீர் இறங்கினால் நிரம்பி வெளியே வழியும், அதுவும் தோட்டத்தின் நடுவிலேயே. ஊர் மன்றம், தேவாலயம், மதுக்கடை ஆகியவற்றின் கழிப்பறைகளை ஏற்பாடு செய்யுங்கள். போதாவிட்டால் நூறு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வாடகைக்கு எடுங்கள்.

மழைக்காக ரத்து செய்யாதீர்கள். ஆங்கிலேயர்கள் குடையோடு வருவார்கள், அன்று தேநீர் இன்னும் அதிகமாகப் போகும். ரத்து செய்ய வேண்டியது பலத்த காற்றுக்கும் இடிக்கும்தான். மூன்று மீட்டர் கூடாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் 15 கிலோவாவது எடை கட்டுங்கள், முளை மட்டும் ஈர மண்ணில் நிற்காது. வயல் சேறாகும் என்று தெரிந்தால் டிராக்டரோடு ஒருவரைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

மாலை

பணப்பெட்டிகளை நான்கு மணிக்கு ஒருமுறை, ஐந்தரைக்கு ஒருமுறை சேகரியுங்கள். மேசையில் மொத்தப் பணமும் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் ஒன்றாக எண்ணி, சில்லறைக்கு முன்பு கொடுத்ததைக் கழித்து, நுழைவு, தேநீர், செடி, குலுக்கல் என்று தனித்தனியாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். நுழைவுக் கட்டணம் பொதுவாக நன்கொடையாகக் கணக்கில் வராது, அதனால் கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு அரசிடமிருந்து கிடைக்கும் வரித்தொகை) கோர விரும்பும் அமைப்பு என்றால் நன்கொடை உண்டியலைத் தனியாக வைத்து அந்தக் கணக்கைப் பிரித்தே கொடுங்கள்.

சாலையில் வைத்த தட்டிகளை அன்று இரவே அகற்றுங்கள். மறுநாள் காலை அதைப் பார்த்துக் கார் நிறுத்தி ஒருவர் உங்கள் வாசல் மணியை அடிப்பார். போக்குவரத்துக் கம்பத்தில் எதையும் கட்டக் கூடாது, கட்டியிருந்தால் முதலில் அதைத்தான் கழற்ற வேண்டும். மிஞ்சிய செடிகளைத் தோட்டம் திறந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, சால்வியாவில் மட்டும் இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் அடுத்த வருடத் தண்டுகள் அதிலிருந்து வெட்ட வேண்டும்.